குளோரினை டேங்க் வரைக்கும் வர விடுங்கள், டம்ளருக்கு முன்னால் எடுங்கள்

சென்னையில் மெட்ரோ வாட்டர் குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று அடித்தால் "என்னத்தைக் கொட்டுகிறார்களோ" என்று முகம் சுளிக்காதவர்கள் குறைவு. அந்த வாடைக்குக் காரணமான குளோரினைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை, அகலப் பாத்திரத்தில் திறந்து வைத்தால் மெல்ல மெல்லப் போய்விடும். கவலைப்பட வேண்டியது குளோரின் தன் வேலையைச் செய்யும்போது பக்கவாட்டில் உண்டாகும் பொருட்களைப் பற்றி. குடிநீரில் இருக்கிற அளவில் அவற்றுக்கு வாடையும் தெரியாது, நிறமும் தெரியாது. அவற்றை வீட்டில் எப்படிக் குறைப்பது, எதைச் செய்தால் காசு மட்டும் கரையும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்றை அழுத்திச் சொல்லிவிட வேண்டும். குளோரின் போடுவதை நிறுத்தச் சொல்வதற்காக எழுதவில்லை. காலராவும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் ஆளைச் சாய்க்க நாட்களோ வாரங்களோ போதும், இந்தப் பக்கவிளைபொருட்கள் விஷயத்தில் பேசப்படுவதோ பல பத்தாண்டுகள் தொடர்ந்து குடிப்பதால் வரக்கூடிய ஆபத்து. பக்கவிளைபொருளைக் குறைக்கிறேன் என்று கிருமி நீக்கத்தில் கை வைக்கக் கூடாது என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலையும். ஆகவே கீழே சொல்லும் எல்லாமே குடிக்கிற இடத்தில், கடைசிக் கட்டத்தில் செய்கிற வேலைகள்.

இவை எங்கிருந்து வருகின்றன

புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, வீராணம் என எந்த ஏரியை எடுத்தாலும் தண்ணீரில் மக்கிய இலை, மண், பாசி எல்லாம் கரைந்திருக்கும், கொதிநீரில் தேயிலைச் சாறு இறங்குகிற மாதிரிதான். படிகாரம் போட்டு, மணலில் வடிகட்டி பெரும்பகுதியை எடுத்துவிடுகிறார்கள், ஆனாலும் கொஞ்சம் தங்கும். அந்தக் கரிமப் பொருளோடு குளோரின் வினைபுரிந்தால் குளோரோபார்ம் முதலான டிரைஹாலோமீத்தேன்கள் ஒரு பக்கமும், ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் இன்னொரு பக்கமும் உண்டாகின்றன. 1974-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஜோஹன்னஸ் ரூக் என்ற வேதியியலாளர் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டார், அதே ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களும் இதையே சொன்னார்கள்.

உண்டாகும் அளவைத் தீர்மானிப்பவை கரிமப் பொருளின் அளவு, குளோரினின் அளவு, வெப்பம், நேரம், தண்ணீரின் காரத்தன்மை. இதில் வெப்பமும் நேரமும் நம் வீட்டுக்கு நேரடியாகப் பொருந்துகிற விஷயம். வீராணத்துத் தண்ணீர் நெய்வேலி பக்கத்து வடக்குத்து ஊரில் சுத்திகரிக்கப்பட்டு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் குழாயில் பயணம் செய்து சென்னைக்கு வருகிறது. வந்த பிறகு உங்கள் சம்ப்பில் ஒரு நாள், மொட்டை மாடியில் மே மாத வெயிலில் கொதிக்கும் கறுப்பு டேங்கில் இன்னொரு நாள் நிற்கிறது. மிச்சக் குளோரின் இருக்கும் வரைக்கும் வினை நடந்துகொண்டேதான் இருக்கும்.

இதில் கடலோரத்துக்காரர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 65 மில்லிகிராம் புரோமைடு உண்டு. பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் உப்பேறிய போர் தண்ணீரில் அதுவும் சேர்ந்து வரும். அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டால் குளோரின் புரோமைடைத் தூண்டிவிட்டு, புரோமின் ஏறிய டிரைஹாலோமீத்தேன்களை உண்டாக்கும். இவை குளோரோபார்மை விடக் கனமானவை, கொதிக்க வைத்தாலும் மெதுவாகத்தான் வெளியேறும், உடலுக்கும் கூடுதல் கேடு என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். இந்திய குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 இவற்றுக்குத் தனித்தனியாக வரம்பு வைத்திருக்கிறது: ஒரு லிட்டரில் குளோரோபார்ம் 0.2 மில்லிகிராம், புரோமோபார்ம் 0.1, டைபுரோமோகுளோரோமீத்தேன் 0.1, புரோமோடைகுளோரோமீத்தேன் 0.06. அமெரிக்காவில் நான்கையும் கூட்டி 0.08-க்கு மேல் போகக் கூடாது, ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1. நம் வரம்பு தளர்வானது, அதனால்தான் வீட்டில் கொஞ்சம் மெனக்கெடுவது வீண் இல்லை என்று நினைக்கிறேன்.

எவ்வளவு பயப்பட வேண்டும்? பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில், இவை அதிகமுள்ள தண்ணீரைப் பல பத்தாண்டுகள் குடித்தவர்களிடம் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தென்பட்டது. எந்தப் பொருள் காரணம் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. குளோரோபார்மை சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்திருக்கிறது. நேற்றுக் குடித்த ஒரு சொம்புத் தண்ணீரை நினைத்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், தினமும் வாழ்நாள் முழுக்கக் குடிக்கப்போகிற தண்ணீரை ஒழுங்குபடுத்திக்கொண்டால் போதும்.

சம்ப்பில் இருந்து தொடங்குங்கள்

ஃபில்டர் வாங்குவதற்கு முன்னால் சம்ப் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் சேறு படிந்திருந்தால் அதுதான் பக்கவிளைபொருளுக்கான மூலப்பொருள். பல வீடுகளில் சேற்றை அப்படியே விட்டுவிட்டு மேலே ஒரு கை பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார்கள், குளோரின் முழுவதையும் அந்தச் சேறு குடித்துவிடும், கிருமியும் சாகாது, டிரைஹாலோமீத்தேனும் கூடும். தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துக் கழுவிவிட்டு அப்புறம்தான் பிளீச்சிங் பவுடர். உள்ளே ஆள் இறங்குவதாக இருந்தால் மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விடுங்கள், தனியாக யாரையும் இறக்காதீர்கள், வெளியே ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

அளவு விஷயத்தில் கை தாராளம் வேண்டாம். 1000 லிட்டருக்கு 4 கிராம் போதும். பிளீச்சிங் பவுடரில் கால் பங்கு குளோரின் என்று வைத்துக்கொண்டால் அது லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆகிறது. ஒரு பக்கெட் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியும் வரை விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். அரை மணியில் இருந்து ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். வருஷக்கணக்கில் பரணில் கிடந்த பவுடரில் வீரியம் இருக்காது, அதைக் கூடுதலாகப் போட்டுச் சரிகட்டப் பார்க்காமல் புதிதாக ஒரு பாக்கெட் வாங்கிவிடுங்கள். மெட்ரோ வாட்டர் லைனில் ஏற்கெனவே குளோரின் வருகிற நாட்களில், சம்ப்பும் சுத்தமாக இருந்தால், நீங்கள் மேற்கொண்டு எதுவும் போடத் தேவையே இல்லை.

குளோரின் இருக்கிறதா என்று பார்க்க குளோரோஸ்கோப் உண்டு, ஊராட்சி, மாநகராட்சி ஊழியர்கள் கையில் வைத்திருப்பார்களே, இரண்டு சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், அதேதான். நீச்சல்குளச் சாமான் விற்கிற கடைகளில் கிடைக்கும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது தரம். சோதித்த தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள், குடிக்கக் கூடாது.

முடிந்தால் மெட்ரோ தண்ணீரையும் போர் தண்ணீரையும் ஒரே சம்ப்பில் கலக்காதீர்கள், கடலோரத்தில் இருப்பவர்கள் கண்டிப்பாக. குடிக்க, சமைக்கத் தேவையானதை மட்டும் தண்ணீர் விடுகிற நேரத்தில் நேராக லைனில் இருந்தோ அடிபம்பில் இருந்தோ குடத்தில் பிடித்துக்கொள்வது இன்னும் நல்லது. எங்கள் தெருவில் மூத்த பெண்கள் இன்னும் அப்படித்தான் செய்கிறார்கள். மாடி டேங்கில் வெந்து நின்ற தண்ணீரை விட அது எவ்வளவோ மேல்.

கொதிக்க வைத்தால் போகுமா

பாதி போகும். டிரைஹாலோமீத்தேன்கள் ஆவியாகக் கூடியவை, குளோரோபார்ம் சுமார் 61 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் அகலமான பாத்திரத்தில், மூடியில்லாமல், தளதளவென்று நாலைந்து நிமிஷம் கொதிக்க விட்டால் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் இருந்தது சமையலறைக் காற்றுக்கு வந்து சேரும். எலெக்ட்ரிக் கெட்டில் கொதித்த நொடியே நின்றுவிடுவதால் அதில் பலன் குறைவு. குக்கரில் மூடிப்போட்டுக் காய்ச்சுவதெல்லாம் வேண்டாம்.

ஹாலோஅசிட்டிக் அமிலங்கள் பெரும்பாலும் இப்படிப் போகாது. அவை ஆவியாவதில்லை, தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கொஞ்சம் கூடவும் செய்யும். அதேபோல உப்பு, நைட்ரேட், ஃபுளோரைடு எதுவும் கொதிக்க வைத்தால் போகாது. இருந்தாலும் ஃபில்டர் வாங்க வசதியில்லாத வீட்டில் கிருமிக்கும் டிரைஹாலோமீத்தேனுக்கும் சேர்த்து ஒரே பதில் கொதிக்க வைப்பதுதான், ஆறியதும் கழுவின எவர்சில்வர் குடத்திலோ மண்பானையிலோ மூடி வைத்து, ஒரு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். குளோரின் போய்விட்ட தண்ணீருக்குக் காவல் கிடையாது, உள்ளே கையை விட்டு மொண்டால் கிருமி மறுபடி வந்துவிடும், குழாய் வைத்த பானையாக இருந்தால் நல்லது.

கார்பன் ஃபில்டர்: இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம்

வீட்டு அளவில் பக்கவிளைபொருட்களுக்கு ஆகச் சிறந்த வழி செறிவூட்டிய கரி, கடைக்காரர் மொழியில் ஆக்டிவேட்டட் கார்பன். நம் ஊர்க் கொட்டாங்குச்சியில் செய்த கரி இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது, ஏனென்றால் அதில் உள்ள துளைகள் மிக நுண்ணியவை, குளோரோபார்ம் போன்ற சின்ன மூலக்கூறுகள் அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பு 1000 சதுர மீட்டர் அளவுக்கு இருக்கும். அடுப்புக்கரியைப் பொடித்துத் துணியில் கட்டித் தண்ணீரில் போட்டால் அதே பலன் வராது, 800 டிகிரிக்கு மேல் நீராவி பாய்ச்சித் துளைகளைத் திறந்தால்தான் அந்தப் பரப்பு கிடைக்கும்.

சரி, ஏமாறுவது எங்கே? கார்பன், குளோரினை நீக்குவதும் குளோரோபார்மை நீக்குவதும் ஒரே மாதிரி நடப்பதில்லை. குளோரின் கரியின் மேல் பட்டதும் வினைபுரிந்து குளோரைடாக மாறிவிடுகிறது, அதனால் ஒரு கார்ட்ரிட்ஜ் நெடுங்காலம் குளோரினை எடுத்துக்கொண்டே இருக்கும். குளோரோபார்ம் அப்படி மாறுவதில்லை, துளைகளில் இடம் இருக்கும் வரை ஒட்டும், இடம் தீர்ந்ததும் நேராக வெளியே வரும். சில சமயம் ஏற்கெனவே ஒட்டியிருந்ததும் கழன்று வரும். ஆக, குளோரின் வாடை கொஞ்சமும் இல்லாத, குடிக்க இனிப்பாக இருக்கிற தண்ணீரைத் தரும் அதே ஃபில்டர், டிரைஹாலோமீத்தேன் விஷயத்தில் பல மாதங்களுக்கு முன்பே செத்துப் போயிருக்கலாம். "வாடை வர ஆரம்பித்தால் மாற்றிக்கொள்ளலாம்" என்று எதிர் வீட்டு அக்கா சொன்னபோது நான் மறுத்ததற்கு இதுதான் காரணம். கார்ட்ரிட்ஜை லிட்டர் கணக்கில்தான் மாற்ற வேண்டும்.

கணக்கு எளிது. குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 12 லிட்டர் எடுக்கிற வீட்டில் மாதத்துக்கு 360 லிட்டர் ஆகும். கார்ட்ரிட்ஜ் 1500 லிட்டருக்கு என்று போட்டிருந்தால் நாலு மாதம், அவ்வளவுதான். மாற்றிய தேதியை மார்க்கரால் ஃபில்டர் மேலேயே எழுதி வையுங்கள். அந்த 1500 எதற்கான கணக்கு என்பதையும் பாருங்கள். 'குளோரின், வாடை, சுவை' என்பதற்கு மட்டும் சோதிக்கப்பட்டது என்றால் நமக்கு அந்த எண் உதவாது. அமெரிக்காவின் என்.எஸ்.எஃப். தரச் சான்றுகளில் 42 என்பது அந்த வகை. என்.எஸ்.எஃப். 53 என்று போட்டு, ஆவியாகும் கரிமப் பொருட்கள் அல்லது டிரைஹாலோமீத்தேன் என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தால் அதை நம்பி வாங்கலாம்.

குருணைக் கரி போட்ட டப்பாவை விட, கட்டியாக அழுத்திச் செய்த கார்பன் பிளாக் மேல், தண்ணீர் ஓட்டை தேடி ஓடிவிடாமல் எல்லாப் பக்கமும் கரியைத் தொட்டுக்கொண்டு வரும். குழாயைச் சிறுதாரையாகவே திறங்கள், கரியோடு இருக்கிற நேரம்தான் எல்லாம். குழாய் முனையில் மாட்டுகிற கட்டைவிரல் அளவு ஃபில்டரில் அந்த நேரம் கிடைக்காது. கீசர் தண்ணீரை ஒருபோதும் அதன் வழியாக விடாதீர்கள், சூட்டில் ஒட்டியிருப்பது கழன்றுவிடும். புதுக் கார்ட்ரிட்ஜ் போட்டதும் முதலில் கறுப்பாக வரும், தெளியும் வரை விட்டுக் கொட்டுங்கள். குளோரின் போன பிறகு கரியில் பாக்டீரியா குடியேறும் என்பதால் தினமும் காலையில் முதலில் வரும் ஒரு லிட்டரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள், ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தால் இன்னும் தாராளமாக. கார்பனுக்குப் பிறகு யு.வி. விளக்கு வருகிற அமைப்பு இதனால்தான் நல்லது.

இப்போது புதிதாக, முடி கொட்டுகிறது என்று சொல்லி வீட்டு மெயின் லைனிலேயே, டேங்க்குக்கு முன்னால் பெரிய கார்பன் தொட்டி வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டேங்க்கிலும் குழாயிலும் கிருமியைத் தடுத்து நிறுத்துகிற ஒரே பொருளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீரை ரெண்டு நாள் வெயிலில் நிறுத்துகிறோம்.

ஆர்.ஓ. வைத்திருப்பவர்களுக்கு

ஆர்.ஓ. சவ்வு உப்பையும் ஹாலோஅசிட்டிக் அமிலங்களையும் நன்றாகத் தடுக்கும். குளோரோபார்ம் மின்னேற்றம் இல்லாத சின்ன மூலக்கூறு, ஒரு பகுதி சவ்வைத் தாண்டி வந்துவிடும். அதைப் பிடிப்பது மெஷினுக்குள் இருக்கும் கார்பன் கார்ட்ரிட்ஜ்கள்தான். சவ்வுக்கு முன்னால் இருக்கும் கார்பனைப் பற்றி சர்வீஸ்காரர்கள் சொல்லாத ஒரு கணக்கு உண்டு: அதன் வழியாக நீங்கள் குடிக்கிற தண்ணீர் மட்டும் போவதில்லை, சிங்க்கில் கழிவாகப் போகிற தண்ணீரும் போகிறது. 12 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 24 லிட்டர் கழிந்தால் அந்தக் கார்பன் ஒரு நாளைக்குப் பார்ப்பது 36 லிட்டர். மூன்று மடங்கு வேகமாகத் தீரும். அது தீர்ந்து குளோரின் கடந்து போனால் சவ்வும் அரிக்கப்பட்டுப் பாழாகும், ஆகவே சின்னக் கார்ட்ரிட்ஜில் கஞ்சம் பிடித்தால் பெரிய செலவு வரும்.

டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) கன்ட்ரோலர் என்ற திருகு இருந்தால், அது சவ்வைத் தாண்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்து விடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அந்தப் பங்குக்கு வடிகட்டல் கார்பன் மட்டும்தான். உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் ஆர்.ஓ.வே தேவையா என்று யோசியுங்கள், 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் அப்படிப்பட்ட இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொன்னது. ஏரித் தண்ணீர் மட்டும் வருகிற வீட்டுக்கு ஒரு நல்ல கார்பன் பிளாக்கும் யு.வி.யும் போதும், பல லிட்டர் தண்ணீர் மிச்சம்.

விற்க வருகிறவர்கள் காட்டும் வித்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் அபார்ட்மென்ட்டில் ஒருவர் வந்து இரண்டு டம்ளரில் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சினார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர். அரை நிமிஷத்தில் குழாய்த் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் நுரைத்தது, கூட்டத்தில் ஒரு பாட்டி வாயைப் பொத்திக்கொண்டார், "இதைத்தான் குடிக்கிறீங்க" என்றார் விற்க வந்தவர். அந்தப் பழுப்பு, கரைந்த இரும்புக் கம்பிதான். தண்ணீரில் உப்புகள் இருந்தால் மின்சாரம் ஓடும், இரும்பு கரையும். சமையலறையில் இருந்து ஒரு சிட்டிகை உப்பைக் கொண்டுவந்து ஆர்.ஓ. டம்ளரில் போட்டுப் பாருங்கள், அதுவும் அதே நிறத்துக்கு வரும். டி.டி.எஸ். மீட்டரும் அப்படித்தான், அது மின்சாரம் கடத்தும் உப்புகளை மட்டுமே அளக்கிறது. குளோரோபார்ம் எவ்வளவு இருந்தாலும் அதில் எண் நகராது.

குளிக்கும்போது

டிரைஹாலோமீத்தேன் வாய் வழியாக மட்டும் உள்ளே போவதில்லை, சுவாசத்திலும் தோல் வழியாகவும் போகும். மூடிய குளியலறையில் ஷவரில் கொதிக்கக் கொதிக்க நெடுநேரம் குளிப்பதுதான் இதில் மோசம், வெந்நீர் சிதறும்போது ஆவி மொத்தமும் அந்தச் சின்ன அறையில் தங்கிவிடும். வென்டிலேட்டரைத் திறந்து வையுங்கள் அல்லது எக்ஸாஸ்ட் போடுங்கள், வெதுவெதுப்பாக பக்கெட்டில் பிடித்துக் குளியுங்கள். ஷவர் ஃபில்டரில் பணம் போடுவதற்கு முன் இதைச் செய்துவிட்டாலே போதும்.

சோதனைக்குக் கொடுப்பதானால்

வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனையில் கடினத்தன்மை, குளோரைடு, இரும்பு, கிருமி எல்லாம் வரும், டிரைஹாலோமீத்தேன் வராது. அதற்கு வாயு நிறப்பகுப்புக் கருவி (கேஸ் குரோமட்டோகிராஃப்) உள்ள, என்.ஏ.பி.எல். என்ற தேசிய ஆய்வக வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும். போன் செய்யும்போதே "டிரைஹாலோமீத்தேன் நான்கும் தனித்தனியாக வேண்டும்" என்று கேளுங்கள், கட்டணம் கொஞ்சம் அதிகம்தான், ஒரு வீடாகச் செய்வதை விட அபார்ட்மென்ட் சங்கமாகப் பங்கு போட்டுச் செய்யலாம். மாதிரியை பழைய வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் அந்த முடிவால் பயனில்லை. ஆய்வகம் தரும் சின்னக் கண்ணாடிக் குப்பியில், உள்ளே குளோரினை நிறுத்தும் மருந்து போட்டிருப்பார்கள், அதைக் கழுவிவிடாமல், நுரைக்காமல் மெதுவாகத் தண்ணீரை நிரப்பி, தலைகீழாகக் கவிழ்த்தால் ஒரு காற்றுக்குமிழி கூட இல்லாதபடி மூட வேண்டும். குமிழி இருந்தால் நாம் தேடுகிற பொருள் அதற்குள் போய்விடும். ஐஸ் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரே நாளில் மூன்று குப்பி எடுத்தால் முழுக் கதையும் தெரியும்: லைனில் இருந்து நேராக ஒன்று, மாடி டேங்கில் இருந்து மாலையில் ஒன்று, ஃபில்டரில் இருந்து ஒன்று. டேங்க்கில் எண் எகிறினால் சம்ப்பையும் டேங்க்கையும் கழுவுங்கள், ஃபில்டரில் குறையாவிட்டால் கார்ட்ரிட்ஜை மாற்றுங்கள், லைனிலேயே வரம்பைத் தாண்டியிருந்தால் அந்த அறிக்கையின் நகலோடு குடிநீர் வாரியத்தின் உங்கள் பகுதி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.